பச்சை விளக்கு சொல்லாதது

புதிய ஆலையில் கேபிள் இழுத்து முடிந்து, பேனல்களில் கடைசித் திருகும் இறுகிய பிறகு, முதன்முறையாக மின்சாரம் கொடுக்கும் நாள் வருகிறது. பிஎல்சி எனும் கட்டுப்பாட்டுக் கணினி தன் கீழுள்ள வால்வுகளையும் மோட்டார் டிரைவ்களையும் அழுத்தமானிகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பிக்கும். பதில் வந்த கருவியின் சிவப்பு எல்இடி அணைந்து பச்சை எரியும். அரை மணி நேரத்தில் வரிசை முழுக்கப் பச்சையாகிவிட்டால் எல்லாருக்கும் ஒரே நினைப்புதான். வேலை ஏற்கெனவே தாமதம், உற்பத்தி தொடங்கும் தேதி அருகில் இருக்கிறது. "எல்லாம் பச்சை சார், கையெழுத்துப் போட்டுடலாமா?"

அந்தக் கேள்விக்கும் கையெழுத்துக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியது இந்த அத்தியாயம். ஆலை வாழ்நாளில் அவ்வளவு எளிதாகத் தவிர்க்கப்படும் வேலையும், தவிர்த்ததற்கு அவ்வளவு அதிகமாக விலை கேட்கும் வேலையும் வேறு இல்லை என்று நினைக்கிறேன். பச்சை விளக்குக்குத் தெரிந்தது, தொடர்பு இருக்கிறது என்பது மட்டுமே. அந்தத் தொடர்பு எவ்வளவு திணறிக்கொண்டு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

முன்பெல்லாம் இந்தச் சிக்கல் இவ்வளவு மறைவாக இருந்ததில்லை. களத்தில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தனியாக ஒரு ஜோடிக் கம்பி போகும். அழுத்தம் சுழியாக இருந்தால் 4 மில்லி ஆம்பியர், முழு அளவில் இருந்தால் 20 மில்லி ஆம்பியர். கம்பி அறுந்தால் மின்னோட்டம் 4-க்கும் கீழே விழுந்துவிடும். அறுந்தது எது என்று உடனே தெரியும். போவது அந்த ஒரு கருவிதான், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான கருவிகள் உள்ள ஆலையில் நூற்றுக்கணக்கான ஜோடிகள், அவற்றைச் சுமக்கும் கேபிள் தட்டுகள், ஆயிரக்கணக்கான திருகு முனைகள். 1987இல் ஜெர்மனியில் பல நிறுவனங்களும் ஆய்வு நிலையங்களும் அரசின் ஆதரவோடு சேர்ந்து, இந்தக் கம்பிக் காட்டுக்கு மாற்றாக ஒரு திட்டத்தைத் தொடங்கின. அதில் பிறந்ததுதான் புரோஃபிபஸ். 1993இல் வந்த அதன் வேகமான வடிவமான டிபி, உலகத் தொழிற்சாலைகளில் பெருமளவு பரவியது. ஊதா நிற உறைக்குள் ஒரு பச்சைக் கம்பி, ஒரு சிவப்புக் கம்பி, அவற்றைச் சுற்றி உலோக ஷீல்டு. ஒரு செக்மென்டில், அதாவது தொடர்ச்சியான ஒரே கேபிள் ஓட்டத்தில், 32 கருவிகள் வரை தொங்கலாம். ரிப்பீட்டர் வைத்து நீட்டினால் 0 முதல் 125 வரை முகவரிகள் கொடுக்கலாம்.

மிச்சமான செம்பு கொஞ்சமல்ல. ஆனால் முப்பது கருவிகளின் பேச்சு இப்போது ஒரே ஜோடிக் கம்பியில் நடக்கிறது. ஒரு மூலையில் நடந்த தவறு இன்னொரு மூலையில் இருக்கும் கருவியை வீழ்த்தலாம். அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று இருக்கிறது: இந்த வலையமைப்பு தன் குறையைத் தானே மூடி மறைக்கக் கற்றுக்கொண்டது.

மறைப்பது எப்படி? மாஸ்டர், அதாவது பேச்சை நடத்தும் பிஎல்சி, ஒரு கருவியிடம் கேள்வி அனுப்புகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சரிபார்ப்பு பிட் உண்டு. செய்தியின் கடைசியில் கூட்டுத்தொகைச் சரிபார்ப்பும் உண்டு. ஒரு செய்தியில் மூன்று பிட் வரை கெட்டிருந்தாலும் பெறுகிற கருவி கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்ததும் அந்தச் செய்தியைப் பேசாமல் தூக்கி எறிந்துவிடும். பதில் வராததைப் பார்த்து மாஸ்டர் அதே கேள்வியை மறுபடி அனுப்பும். இத்தனை முறை வரை முயலலாம் என்று அமைப்பில் எழுதியிருக்கும். அத்தனையும் தோற்றால்தான் கருவி காணாமல் போனதாக அறிவிப்பு வரும், சிவப்பு எரியும். தப்பான மதிப்பு கட்டுப்பாட்டுக்குள் நுழையாதபடி காக்கும் இந்த ஏற்பாடு மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

நொடிக்கு 1.2 கோடி பிட் வேகத்தில் 32 கருவிகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவர புரோஃபிபஸுக்கு ஏறத்தாழ ஒரு மில்லி நொடி போதும். அப்படியானால் நொடிக்கு 32,000 கேள்வி-பதில்கள். ஆயிரத்தில் ஒன்று கெடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 32 செய்திகள் பாழாகின்றன. யோசித்துப் பார்த்தால் அது மோசமான கம்பி. முதல் முயற்சியோடு மூன்று மறுமுயற்சிகள் அனுமதித்திருந்தால், நான்கும் அடுத்தடுத்துத் தோற்க வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்று. 32,000 வேகத்தில் லட்சம் கோடி செய்திகளைக் கடக்க ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். ஆக, நொடிக்கு 32 தவறு நடக்கும் வலையமைப்பு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் முனகும். யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

இனி அந்தக் கம்பி கொஞ்சம் மோசமாகிறது. கனெக்டரில் ஈரம் ஏறி, ஆயிரத்தில் ஒன்று நூற்றில் ஒன்றாகிறது. பத்து மடங்குதான். நான்கு முயற்சிகளும் தோற்கும் வாய்ப்போ பத்தாயிரம் மடங்கு ஏறிவிடும். வருடத்துக்கு ஒரு முறை நின்ற உற்பத்தி வரிசை இப்போது மணிக்கு ஒரு முறை நிற்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு" என்று ஆலைகளில் சொல்லக் கேட்கும் வாக்கியத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். நேற்று வரை நன்றாக ஓடவில்லை. தோல்விகளை மறுமுயற்சிகள் விழுங்கிக்கொண்டிருந்தன. உண்மையில் தவறுகள் இப்படிச் சீராகப் பரவி வருவதும் இல்லை. பெரிய மோட்டார் கிளம்பும்போதும் வெல்டிங் நடக்கும்போதும் கொத்தாக வரும், நான்கு முயற்சிகளையும் ஒரே வீச்சில் அடித்துக்கொண்டு போகும். கணக்கு காட்டுவதைவிட நிலைமை கடுமையானது.

எனவே தொடக்கச் சோதனையில் கேட்க வேண்டிய கேள்வி, ஓடுகிறதா என்பதன்று. தோல்விக்கு எவ்வளவு இடைவெளி விட்டு ஓடுகிறது என்பதே. அதைத் தெரிந்துகொள்ளக் கம்பிக்குள் இறங்க வேண்டும்.

கம்பியில் மின்சாரம் ஒரே கணத்தில் முழு நீளத்தையும் எட்டிவிடுவதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. இந்தக் கேபிளில் குறிகை நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு மீட்டருக்கு 5 நானோ நொடி. நொடிக்கு 1.2 கோடி பிட் வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் 83 நானோ நொடி. அதனால் அந்தப் பிட் கம்பியில் வெறும் 16, 17 மீட்டர் நீளத்துக்குத்தான் படுத்திருக்கும். நூறு மீட்டர் கேபிளில் ஒரே சமயத்தில் ஆறு பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இதே கேபிளில் நொடிக்கு 9,600 பிட் அனுப்பினால் ஒரு பிட்டின் நீளம் 20 கிலோமீட்டரைத் தாண்டும். ஆலையே அதற்குள் அடங்கிவிடும். மெதுவான வேகத்தில் கம்பி வெறும் கம்பிதான். வேகமாக அனுப்பும்போது அது அலை ஓடும் பாதையாகிவிடுகிறது.

அலை என்றால் எதிரொலிப்பு உண்டு. தெப்பக்குளத்தில் கல் எறிந்தால் அலை படிக்கட்டுச் சுவரில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு கலந்து கலங்கலாக்கும். கேபிளின் முனை திறந்து கிடந்தால் அங்கே போன மின் அலையும் அப்படியே திரும்பி, பின்னால் வரும் பிட்டின் மேல் ஏறும். இதற்கான கணிதத்தை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வகுத்தவர் ஆலிவர் ஹெவிசைடு. பள்ளிப் படிப்போடு நின்று, தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு கேபிளுக்கும் அதன் வடிவத்தால் அமையும் ஒரு மின்மறிப்பு உண்டு. அதே மதிப்புள்ள மின்தடையை முனையில் வைத்தால் அலை அதற்குள் அடங்கிப்போகும், திரும்பாது. புரோஃபிபஸ் கேபிளின் மின்மறிப்பு ஏறத்தாழ 150 ஓம். செக்மென்டின் இரு முனைகளிலும் வைக்கும் டெர்மினேட்டரின் வேலை, வந்த அலையை அங்கேயே முடித்துவைப்பது.

அந்த டெர்மினேட்டருக்குள் மூன்று மின்தடையங்கள்: 5 வோல்ட்டிலிருந்து சிவப்புக் கம்பிக்கு 390 ஓம், சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே 220 ஓம், பச்சையிலிருந்து தரைக்கு இன்னொரு 390 ஓம். அலையின் கண்ணுக்கு மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 172 ஓமாகத் தெரியும். 150-க்குப் போதிய நெருக்கம். கூடவே இன்னொரு வேலையும் நடக்கிறது. யாரும் பேசாத நேரத்திலும் சிவப்பு பச்சையைவிட 1.1 வோல்ட் உயர்ந்து நிற்கும்படி இந்த மூன்றும் பிடித்து வைக்கின்றன. இரு கம்பிகளுக்கும் உள்ள வித்தியாசம் 0.2 வோல்ட்டைத் தாண்டினால் பெறும் சில்லு அதை உறுதியாகப் படிக்கும். அந்த மௌனத்தில் புகும் மின் சத்தம் 0.9 வோல்ட்டை விழுங்கினால்தான் சில்லு தடுமாறும்.

சோதனைக்கு இது பொன்னான செய்தி. மாஸ்டரை நிறுத்திவிட்டு, சாதாரண மல்டிமீட்டரைச் சிவப்புக்கும் பச்சைக்கும் குறுக்கே வைத்தால் சுமார் 1.1 வோல்ட் காட்ட வேண்டும். அதில் ஏறத்தாழ பாதிதான் இருக்கிறது என்றால், ஏதோ ஒரு முனையின் டெர்மினேட்டருக்கு 5 வோல்ட் போகவில்லை. டெர்மினேட்டர் தன் மின்சாரத்தை அது மாட்டியிருக்கும் கருவியிடமிருந்து வாங்குகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைசிக் கருவியைப் பராமரிப்புக்காக யாராவது அணைத்தால், நடுவிலிருக்கும் வேறொரு கருவி விட்டுவிட்டுத் தொலையும். அணைத்தவருக்கும் தொலைந்த கருவிக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றாது. தனி மின்சாரம் பெறும் டெர்மினேட்டரைக் கடைசியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. அதற்காகும் செலவைக் கேள்வி கேட்பது தவறான சிக்கனம் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் 1.1 வோல்ட்டை மட்டும் நம்பிவிடவும் கூடாது. மின்சாரம் பெறும் டெர்மினேட்டர்கள் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தாலும் இதே 1.1 வோல்ட்தான் வரும். மூன்றாவது ஒன்று ஒளிந்திருப்பதைக் காட்டிக்கொடுப்பது அலையின் உயரம்.

எந்தச் சோதனையை எப்போது செய்வது என்பதை மனித குலம் ஒருமுறை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1858 ஆகஸ்ட் 5 அன்று அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக் கடலடித் தந்திக் கேபிள் முதன்முதலாக இணைந்தது. கேபிளை இரண்டு தொழிற்சாலைகள் பாதிப் பாதியாகச் செய்தன. செய்து முடித்த பிறகுதான் வெளிக் கவசக் கம்பிகளை இரண்டும் எதிரெதிர்த் திசையில் முறுக்கியிருப்பது தெரிந்தது. முழு நீளத்துக்கும் தரம் பார்க்க ஒப்புக்கொண்ட அலகுகூட அன்று இல்லை. விக்டோரியா மகாராணியின் 98 சொல் வாழ்த்தைக் கடத்த 16 மணி நேரம் ஆனது. குறிகை மங்குவதைப் பார்த்த மின்பொறுப்பாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ், காரணத்தைத் தேடாமல் மின்னழுத்தத்தைக் கூட்டினார். ஏறத்தாழ 2,000 வோல்ட் வரை. ஏற்கெனவே பலவீனமாக இருந்த காப்பு உடைந்து, சில வாரங்களில் கேபிள் ஊமையானது. மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் படிக்கும் கண்ணாடிக் கால்வனோமீட்டரை வில்லியம் தாம்சன் அதற்குள் உருவாக்கியிருந்தார். வலிமையைக் கூட்டுவதைவிட நுட்பமாகப் படிப்பதே வழி என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தோல்விக்குப் பின் அமைந்த கூட்டு விசாரணைக் குழு 1861இல் அறிக்கை கொடுத்தது. 1866இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் புதிய கேபிளை இறக்கியபோது, வில்லோபி ஸ்மித் வகுத்த முறைப்படி கரையும் கப்பலும் சேர்ந்து இடைவிடாமல் அதை அளந்துகொண்டே போயின. அந்தக் கேபிள் நின்றது.

இன்றைய ஆலையில் இதன் பொருள் நேரடியானது: கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் முன்பே கேபிளைத் தனியாக அளந்துவிட வேண்டும். பல இடங்களில் கேபிள் இழுப்பவர் ஒரு ஒப்பந்தக்காரர், பேனல் கட்டுபவர் இன்னொருவர், நிரல் எழுதுபவர் மூன்றாமவர். தவறு பெரும்பாலும் அவர்கள் சந்திக்கும் இடத்தில் ஒளிந்திருக்கும்.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். டெர்மினேட்டர்களை எல்லாம் அணைத்துவிட்டு, தூர முனையில் சிவப்பையும் பச்சையையும் ஒட்டவைத்து, இந்த முனையிலிருந்து மின்தடையைப் பார்க்க வேண்டும். இந்தக் கேபிளில் போய்வரும் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 110 ஓம் வரை இருக்கலாம். எனவே மீட்டர் 11 ஓம் காட்டினால் நூறு மீட்டர் கேபிள். வரைபடத்தில் அறுபது மீட்டர் என்று இருந்து மீட்டர் 11 காட்டினால் இரண்டே வழி: வரைபடம் பொய், அல்லது எங்கோ ஒரு திருகு சரியாகக் கடிக்கவில்லை. ஒட்டியதை எடுத்தபின் மீட்டர் எல்லையில்லா மின்தடை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கம்பிகள் எங்கோ தொடுகின்றன, அல்லது யாரோ ஒரு டெர்மினேட்டரை அணைக்க மறந்திருக்கிறார்கள். அடுத்து, சிவப்பை மட்டும் ஷீல்டோடு ஒட்டி மறுமுனையில் பார்க்க வேண்டும். சிவப்பும் பச்சையும் இடம் மாறியிருந்தால் முதல் சோதனைக்குத் தெரியாது, இதற்குத்தான் தெரியும். கேபிளின் ஒரு முனையில் மாறியிருந்தால் அதற்குப் பின்னுள்ள அத்தனை கருவிகளும் ஊமை; ஒரு கனெக்டரில் வருவதும் போவதும் சேர்ந்து மாறியிருந்தால் அந்தக் கருவி மட்டும் ஊமை. ஊமையான கருவிகளின் வரிசையைப் பார்த்தே தவறின் வடிவத்தைச் சொல்லிவிடலாம் என்பது இந்தத் துறையின் அழகுகளில் ஒன்று.

கனெக்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் கேபிள் உள்ளே வரும் வழி ஒன்று, வெளியே போகும் வழி ஒன்று. டெர்மினேட்டரைப் போடும் சிறு சுவிட்சு ஒன்று. சுவிட்சைப் போட்டால் பெரும்பாலான வகைகளில் வெளியே போகும் கேபிள் துண்டிக்கப்படும். முனை என்று சொல்லிவிட்டால் அதற்கப்பால் எதுவும் இல்லை என்று கனெக்டர் எடுத்துக்கொள்கிறது. நடுவில் இருக்கும் ஒருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டால் அப்பாலுள்ளவை எல்லாம் மறையும். கடைசிக் கருவியில் கேபிளை உள்வழிக்குப் பதில் வெளிவழியில் மாட்டியிருந்தால், டெர்மினேட்டரைப் போட்டதும் கடைசிக் கருவி மறையும், எடுத்ததும் தோன்றும். அதைப் பார்க்கும் டெக்னீஷியன் டெர்மினேட்டரை எடுத்துவிட்டே போகிறார், பச்சை எரிகிறதே! அலை திரும்பத் தொடங்குகிறது, மறுமுயற்சிகள் ஏறுகின்றன, நாம் போட்ட வருடக் கணக்கு அங்கே தொடங்குகிறது.

கேபிள் தேறிய பிறகு மின்சாரம். இப்போது வேறு வகைத் தவறுகள் வெளிவரும். மாஸ்டர் முதலில் கருவியின் நிலையைக் கேட்கும். பிறகு அதன் அடையாள எண்ணைச் சொல்லி அளவுருக்களை அனுப்பும். பிறகு எத்தனை பைட் உள்ளே, எத்தனை பைட் வெளியே என்ற அமைப்பைச் சரிபார்க்கும். மீண்டும் நிலையைக் கேட்டு, எல்லாம் பொருந்தினால் தரவுப் பரிமாற்றத்துக்குள் போகும். எந்தப் படியில் நின்றது என்று பார்த்தால் காரணம் பாதி தெரிந்துவிடும். முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால் கம்பி, மின்சாரம் அல்லது முகவரி. முகவரிச் சுவிட்சைத் திருப்பியும் பயனில்லை என்றால் கருவியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். பல கருவிகள் சுவிட்சை மின்சாரம் வரும் கணத்தில்தான் படிக்கின்றன. அடையாள எண்ணில் நின்றால் வாங்கிய மாடல் வேறு, நிரலில் எழுதிய மாடல் வேறு. அமைப்பில் நின்றால் கருவிக்குள் செருகிய அட்டைகளின் வரிசை மாறியிருக்கிறது. இவை எல்லாம் நேர்மையான தவறுகள். தங்களை உடனே காட்டிக்கொள்ளும், பத்து நிமிடத்தில் தீரும். எனக்கு அச்சம் தருபவை பச்சைக்குப் பின்னால் ஒளிபவை.

அவற்றைப் பிடிக்க ஆசிலோஸ்கோப் வேண்டும். ஒவ்வொரு கருவியும் பேசும்போது அதன் அலை எவ்வளவு உயரம், மேல் விளிம்பு தட்டையாக இருக்கிறதா, பள்ளம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முனையிலிருந்து பார்க்கும்போது, விளிம்பு ஏறி 400 நானோ நொடி கழித்து அலையில் ஒரு படி தெரிந்தால், போகவும் வரவும் சேர்ந்து 80 மீட்டர். தவறு 40 மீட்டர் தள்ளி இருக்கிறது. டேப் எடுத்து அளந்து அந்தத் தட்டின் கீழே போய் நின்றால், அங்கே யாரோ நடுவில் ஒட்டுப் போட்ட கேபிளோ, கிளையாக இழுத்துவிட்ட துண்டோ இருக்கும். எங்கே என்று திரையே சொல்லிவிடுகிறது.

இங்கே ஒரு குறுக்கு வழியின் ஆசை எழும். வேகத்தை நொடிக்கு 15 லட்சம் பிட்டிலிருந்து 1,87,500-க்குக் குறைத்தால் பல தொல்லைகள் மறைந்துவிடும். பிட் நீண்டுவிடுவதால், கருவி பிட்டின் நடுவைப் படிக்கும் நேரத்துக்குள் எதிரொலி அடங்கிவிடுகிறது. தேடும்போது இது அருமையான உத்தி: குறைத்ததும் சரியானால் தவறு கம்பியின் அலைத்தன்மையில் இருக்கிறது, நிரலில் இல்லை. ஆனால் குறைத்த வேகத்திலேயே ஆலையை ஒப்படைப்பது தவறு. குறை அங்கேயே இருக்கிறது. அதைப் பார்க்கும் கண்ணைத்தான் மூடியிருக்கிறோம்.

சத்தம் எழுப்பும் இயந்திரங்கள் எல்லாம் நின்றிருக்கும்போது செய்த சோதனை பாதிச் சோதனைதான். மோட்டார் டிரைவுக்குள் இருக்கும் மின்னணுச் சுவிட்சுகள் மைக்ரோ நொடியின் சிறு பகுதிக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட்டை ஏற்றி இறக்குகின்றன. அதில் கசியும் மின்னோட்டம் எர்த் வழியாகத் திரும்ப வழி தேடும். கையில் கிடைக்கும் வழி புரோஃபிபஸ் ஷீல்டாக இருந்தால் அதில் ஏறிக்கொள்ளும். கிளாம்ப் மீட்டரை ஊதாக் கேபிளைச் சுற்றிப் போட்டுப் பார்த்தால் தெரியும். இரு பேனல்களின் எர்த் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருந்தாலும் கேடுதான். பெறும் சில்லு தன் தரையைவிட 7 வோல்ட் கீழிருந்து 12 வோல்ட் மேல் வரைதான் தாங்கும். ஷீல்டைக் கழற்றி ஒரு முனையில் மட்டும் மாட்டினால் சரியாகிவிடும் என்று பழைய அனலாக் பழக்கத்தில் சொல்பவர்கள் உண்டு. வேகமான குறிகைக்கு ஷீல்டு இரு முனையிலும், சுற்று முழுக்க உலோகத்தோடு உலோகமாகப் பிடிக்க வேண்டும்; அதில் ஓடும் மின்னோட்டத்துக்குத் தடித்த எர்த் கம்பி ஒன்றை இரு பேனல்களுக்கும் இடையே போட்டுத் தனி வழி தர வேண்டும். இரு கட்டிடங்களுக்கு இடையே என்றால் கண்ணாடி இழைதான் நிம்மதி.

எனவே கடைசிச் சோதனை எல்லாவற்றையும் ஓடவிட்டுச் செய்வது. மோட்டார்களைச் சுமையோடு கிளப்பி நிறுத்த வேண்டும், கிரேனை நகர்த்த வேண்டும், வெல்டிங் நடக்கட்டும். அதோடு ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொன்றாக அணைத்து, மற்றவை நிலைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த நேரம் முழுக்க மறுமுயற்சிகளை எண்ணும் கருவியை வலையமைப்பில் மாட்டி, இரவும் பகலும் விட்டுவைக்க வேண்டும். நல்ல புரோஃபிபஸ் கம்பியில் மறுமுயற்சி எண்ணிக்கை சுழி. சிறியதாக இருந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் தேட வேண்டும்.

காரணம் தேடும்போது ஊகத்தைவிடப் பாதியாக வெட்டுவது வேகமானது. முன்பு தொல்லை கொடுத்த அதே சுவிட்சு இங்கே உதவிக்கு வரும். 32 கருவிகளின் நடுவில் டெர்மினேட்டரைப் போட்டால் பின்பாதி துண்டிக்கப்பட்டு, முன்பாதி ஒழுங்காக முடிக்கப்பட்ட சிறு செக்மென்டாகிவிடும். தவறு நின்றால் அது பின்பாதியில், தொடர்ந்தால் முன்பாதியில். ஐந்தே வெட்டில் ஒரு கருவிக்கு வந்துவிடலாம். ஒரே முகவரியில் இரண்டு கருவிகள் சேர்ந்து பதில் சொல்லிக் குழப்பும் தவறையும் இந்த வழி பிடித்துவிடும். தனித்தனியாக இரண்டும் நல்ல கருவிகள்தான்.

இப்போது ஈதர்நெட் வழி வலையமைப்புகள் புரோஃபிபஸின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. டெர்மினேட்டர் தொல்லை அங்கே இல்லை. ஒவ்வொரு கேபிளும் இரு கருவிகளுக்கு இடையே மட்டும். ஆனால் மறைப்பு வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. 2006 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தின் மூன்றாம் அலகில் இரண்டு மறுசுழற்சிப் பம்புகளும் நின்றன. இயக்குபவர்கள் உலையைக் கையால் நிறுத்த நேர்ந்தது. பம்புகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களின் கட்டுப்பாட்டுக் கருவிகள், கட்டுப்பாட்டு வலையமைப்பில் வந்த அளவுக்கு மீறிய போக்குவரத்தைத் தாங்க முடியாமல் செயலிழந்திருந்தன. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 2007இல் மற்ற நிலையங்களுக்கு இதை அறிவித்தது. கம்பி அறுபடவில்லை, எதிரொலி இல்லை. தனக்குத் தேவையில்லாத செய்திகளையும் வாங்கிப் பார்க்க வேண்டிய கருவி, அந்த வேலையிலேயே மூழ்கிவிட்டது. தேவையற்ற போக்குவரத்து அந்தக் கருவிகளை எட்டாதபடி அதன் பிறகு தடுப்புகள் வைத்தார்கள். ஈதர்நெட் வலையமைப்பைத் தொடங்கும் நாளில் வேண்டுமென்றே கூடுதல் போக்குவரத்தைப் பாய்ச்சி, ஒவ்வொரு கருவியும் எந்த அளவில் திணறுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியாது. கேபிள்களை இணைக்கும் ஈதர்நெட் ஸ்விட்சின் ஒவ்வொரு போர்ட்டும் கெட்ட செய்திகளைத் தானே எண்ணி வைக்கிறது. அந்த எண்ணைச் சுழியாக்கி, ஒரு நாள் கழித்துப் படித்தாலே பாதிச் சோதனை முடிந்தது.

இவ்வளவும் அளந்த பிறகு எழுதி வைக்க வேண்டும். மௌன வோல்ட், கேபிளின் ஓம், ஒவ்வொரு கருவியின் அலை உயரம், எல்லாம் ஓடும்போது ஷீல்டில் பாய்ந்த மின்னோட்டம், மறுமுயற்சி எண்ணிக்கை, அளந்த இடம், தேதி. ஒரு பிரதி அலுவலகத்தில், இன்னொரு பிரதி பேனல் கதவின் உள்ளே இருக்கும் உறையில். சில வருடம் கழித்து ஒரு நாள் வரிசை நின்றால், வரும் டெக்னீஷியன் அதே இடத்தில் அதே வழியில் மறுபடி அளப்பார். 17ஆம் கருவியின் அலை மட்டும் 5 வோல்ட்டிலிருந்து 3-க்கு இறங்கியிருந்தால் அந்தக் கனெக்டரைத் திறப்பார். அது சுத்தமாக இருந்தால் கருவியின் அனுப்பும் சில்லை மாற்றுவார். 17 முதல் கடைசி வரை எல்லாமே இறங்கியிருந்தால் கருவிகளைத் தொடாமல், 16-க்கும் 17-க்கும் நடுவிலுள்ள கேபிளைப் பார்க்கப் போவார்.